கடைசி ரீலில் நின்றவர்

தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் போனில் செய்தி வந்தது. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் போனை நீட்டி, "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றேன். அவர் சத்தமாகவே படித்தார். டைரக்டர் கோவிந்தராசு கீழ்வேளூர் பக்கத்தில் உள்ள தன் சொந்த ஊரில் இன்று காலை காலமானார். நாளைக் காலையில் எடுக்கிறார்கள். அனுப்பியது அவர் மனைவி மல்லிகா.

படித்தவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "டைரக்டரா? என்ன படம் எடுத்தாரு?" என்று கேட்டார். ஒரு பேய்ப்படமும் அதன் இரண்டாம் பாகமும், அவ்வளவுதான் என்று சொல்லிப் படத்தின் பெயரைச் சொன்னேன்.

"அட, ரெண்டாம் பாகத்துல கடைசில பேயக் குடிசைக்குள்ள வச்சுக் கொளுத்துவாங்களே, அதானே? சின்ன வயசுல பாத்திருக்கேன். அப்பா, என்ன நெருப்பு!"

ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இல்லை என்று ஆரம்பித்தால் நெடுநேரம் பேச வேண்டியிருக்கும், அதற்குத் தெம்பும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மருந்து விட்டிருந்ததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

என் வயதில் இருப்பவர்களுக்கு இரங்கல் குறிப்பு எழுதுவது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. போன வருடம் ஒளிப்பதிவாளர் போனார், எழுதினேன். அதற்கு முன் எங்கள் மேக்கப்காரர். அதே வார்த்தைகள், அதே பெருமூச்சு, கையும் சலித்துவிட்டது. கோவிந்தராசுவுக்கு எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரை அறிந்தவர்கள் இருக்கும் இடத்தில் அவரைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன். ஆனால் எழுதச் சொல்லி ஒருவர் கேட்டுவிட்டார். அவர் யார் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நான் கூத்தாநல்லூர்க்காரன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கப்பலேறிச் சம்பாதிக்கப் போனபோது நான் மட்டும் வசனம் எழுதுகிறேன் என்று சென்னைக்கு ரயிலேறினேன். அங்கே ஒரு லாட்ஜ் அறையில் எனக்கு வாய்த்த கூட்டாளி கோவிந்தராசு. உதவி இயக்குநர், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், பண்ணை வேலை பார்த்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர். என் பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. "வாங்க வசனம்", "டீ சாப்பிட்டீங்களா வசனம்", அவ்வளவுதான். இத்தனை வருடப் பழக்கத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் 'நீ' என்று சொன்னதும் கிடையாது.

அவருக்கு இடது கைப் பழக்கம். ஸ்டூடியோவில் கிளாப் கட்டையை இடது கையில் பிடித்ததற்காக, சகுனம் சரியில்லை என்று ஒரு பெரிய இயக்குநர் கத்தியதை நான் பார்த்திருக்கிறேன். கோவிந்தராசு ஒதுங்கி நின்றுகொண்டார். பிறகு அறையில் சொன்னார்: "எங்க ஊர்ல அறுப்பு வரிசையில இடது கைக்காரன நடுவுல விட மாட்டாங்க வசனம். அருவா பக்கத்து ஆளு கையில பட்டுடும். அதனால எப்பவும் ஓரம்தான். எனக்கு ஓரத்துல நிக்கிறது பழகிப்போச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முதல் படம் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது. மிராசுதார் வீட்டு நெல் பத்தாயத்துக்குள் மூச்சுமுட்டிச் செத்த ஒரு வேலைக்காரப் பெண் பேயாக வருகிறாள் என்பது கதை. கடைசியில் மந்திரவாதி அவளை அதே பத்தாயத்துக்குள் அடைத்து, மூடிமேல் எலுமிச்சம்பழத்தை வைத்துவிடுவார். அந்த முடிவில் கோவிந்தராசுவுக்கு விருப்பமில்லை. முதல் படம், வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். படம் நன்றாக ஓடியது. இரண்டாம் பாகம் என்று போஸ்டரில் போடும் வழக்கம் அப்போது இங்கே அதிகம் கிடையாது. எங்கள் தயாரிப்பாளருக்கு அந்த ஆசை வந்துவிட்டது.

கோவிந்தராசு உடனே ஒப்புக்கொண்டார். "போன படத்துல அவள உள்ள வச்சுப் பூட்டுனது நம்மதான். இந்தப் படத்துல வெளிய விட்டுடணும்" என்றார். இன்னொன்றும் சொல்வார், அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் இது ஞாபகம் இருக்கும்: "பேய்க்கு ஒரு நியாயம் இருக்கணும் வசனம். இல்லாட்டி அது வெறும் மேக்கப்பு."

பேய்ப்படம் என்றதும் ராத்திரியில் எடுத்திருப்போம் என்று நினைப்பார்கள். ராத்திரி விளக்குகளுக்கு எங்களிடம் வசதி ஏது? கேமராவில் நீல பில்டரை மாட்டி உச்சி வெயிலில் எடுத்துவிட்டு, திரையில் அதை நடுநிசி என்று சொல்வோம். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு மிராசுதாரின் பங்களா கிடைத்தது. அதை ஒட்டியே அவர் வயல். கோவிந்தராசுவின் ஊரும் கூப்பிடு தூரம்தான். எங்கள் கதாநாயகி வெள்ளைப் புடவையும் விரித்த தலையுமாகக் களத்து மேட்டுப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார். வண்டி மாடுகள் மட்டும்தான் அவரைப் பார்த்து மிரண்டன. ஊர்ப் பெண்கள் வந்து, "வெயில்ல வேர்த்து வடியுதே, முந்தானையால தொடச்சுக்கம்மா" என்று பேய்க்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

எழுதி வைத்திருந்த முடிவு இதுதான். கதையில் வரும் பண்ணையார் பேய்க்குப் பயந்து விளைந்த வயலுக்குள் ஓடுவார். ஆளுயரக் கதிர் அவர்மேல் மூடிக்கொள்ளும். பாதியை எடுத்தும் விட்டோம். மீதிக்கு நாள் குறித்த நேரத்தில் கதாநாயகிக்குச் சென்னையில் பெரிய படம் ஒன்று கிடைத்துவிட்டது. நாளை வருகிறார், நாளன்றைக்கு வருகிறார் என்று தந்தி வந்துகொண்டே இருந்தது. பயிர் என்பது செட்டில் நட்ட பொருள் மாதிரி நாம் சொல்கிறபோது நிற்கும் என்று சென்னையில் உட்கார்ந்து ஷெட்யூல் போட்டவர்கள் நினைத்துவிட்டார்கள். தை பிறந்து வயல் பழுத்து நின்றது.

சும்மா இருக்க வேண்டாமே என்று ஒருநாள் கேமரா ஓட்டும் தண்டவாளத்தை வயலுக்குள் இறக்கினோம். வரப்பில் ஓடி வந்து ஒரு பெண் சத்தம் போட்டார். "யாருய்யா அது? உளுந்து தெளிச்சிருக்கு! கண்ணு தெரியல?" கதிர் நிற்கும்போதே, அறுப்புக்கு முன்னால் ஈர மண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கூத்தாநல்லூரில் பிறந்த எனக்கே அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அந்தப் பெண் செல்லம்மா. கோவிந்தராசுவின் ஊர்க்காரர், அவருக்கு அக்கா முறை. அந்த வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தது செல்லம்மாவும் அவர் கணவரும்தான்.

கோவிந்தராசு தண்டவாளத்தை எடுக்கச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் போனார். "கோவிச்சுக்காதக்கா. தெரியாம செஞ்சுட்டாங்க."

"உளுந்து கெடக்கட்டும் ராசு. கதிரு தலை சாஞ்சு மணி கொட்டுது, அதப் பாத்தியா? சினிமா முடியிற வரைக்கும் அருவா வைக்கக் கூடாதுன்னு பங்களாக்காரவுக ஆளு வந்து சொல்லிட்டுப் போறான். நீ எந்தப் பேய்க்குக் காத்துக் கெடக்குற?"

எங்களுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. மிராசுதார் அவர்களைக் குத்தகைதாரர்கள் என்றே ஒப்புக்கொள்ளவில்லை, நிலத்தை விட்டு எழுப்பக் கேஸ் போட்டிருந்தார். குத்தகைதாரரைக் காப்பாற்ற அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது உண்மைதான். ஆனால் சென்னையில் புறப்பட்ட சட்டம் கீழ்வேளூர் வந்து சேர்வதற்குள் வழியில் எத்தனையோ ஸ்டேஷன். கோர்ட்டில் உத்தரவு வாங்கும் வரை அறுப்பைத் தள்ளிப்போட அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பங்களாவை எங்களுக்கு அவ்வளவு பெருந்தன்மையாகக் கொடுத்தது அதற்காகத்தான். அந்தச் சாக்கு நாங்கள்.

அன்று சாயங்காலம் கோவிந்தராசு வரப்பில் உட்கார்ந்து நெடுநேரம் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "முடிவ மாத்தணும் வசனம். நாளைக்கே அறுக்கச் சொல்லிட்டேன். அறுப்பையே எடுத்துடலாம்."

"அறுப்ப எடுத்தா பேய் எங்க வரும்?"

"பேயும் அறுக்கட்டும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. கதாநாயகி இல்லை, கதிரும் போகப் போகிறது, இவர் பேய்க்கு அரிவாள் கொடுக்கிறார். அவர் நிதானமாகத்தான் பேசினார். "பத்தாயத்துல அடைஞ்சு கெடந்தவ வெளிய வந்தா எங்க போவா, சொல்லுங்க. பழி வாங்கவா போவா? வேலைக்குத்தான் போவா. பொழுது விடிஞ்சா வேலைக்குப் போயே பழகுனவ. வரிசையில ஒருத்தி கூடுதலா நிப்பா. எவள்னு காட்ட வேணாம். பாக்குறவங்க தேடட்டும்."

அதற்கு மேல் எனக்கு வசனம் எழுத ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை வரப்பில் விவசாயிகள் சங்கத்தின் சிவப்புக் கொடியை நட்டுவிட்டுப் பெண்கள் இறங்கத் தயாரானார்கள். சேலைமேல் ஆண் சட்டை, தலையில் துண்டு, எல்லோரும் பின்னாலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. அங்கேதான் ஒரு சிக்கல். கூடுதலாக நிற்கும் பேய் யார்? ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. "வருஷம் பூரா பாடுபட்டு மொத அருவா வைக்கிற எடத்துல செத்தவளா நிக்கச் சொல்றியே, வெளங்குமா?" என்று கோவிந்தராசுவையே திட்டினார்கள். துணை நடிகைக்குச் சொல்லி அனுப்ப நேரம் இல்லை. அவர் செல்லம்மா பக்கம் திரும்பி, "உன் சேலை ஒண்ணு குடுக்கா" என்றார்.

சேலையைக் கட்டிவிட்டதும் செல்லம்மாதான். மற்ற பெண்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, வரிசையின் இடது ஓரத்தில் போய்க் குனிந்தார் எங்கள் டைரக்டர். கல்லூரி படித்து, கோடம்பாக்கத்தில் எத்தனையோ வருடம் கழித்தவர், ஒரு பிடி கூடச் சிந்தாமல் அறுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் மிராசுதாரின் ஆட்கள் கம்புகளோடு வந்தார்கள். தூரத்து ரோட்டில் ஒரு போலீஸ் வேன் வந்து நின்றது. வந்தவர்கள் கேமராவைப் பார்த்ததும் தயங்கினார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் வந்து, "இது பேப்பர்ல வருமா?" என்று கேட்டான். "பேப்பர் என்னங்க, தியேட்டர்லயே வரும். உங்க மூஞ்சியும்தான்" என்றேன். அவர்கள் பின்வாங்கிப் புளிய மரத்தடிக்குப் போனார்கள், ஆனால் கலைந்து போகவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒளிப்பதிவாளர் என் காதில் பிலிம் தீர்ந்துவிட்டது என்றார். வேறு ரோல் இல்லை. வரப்போடு ஓடிப் போய்க் கோவிந்தராசுவிடம் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "தீந்தது தீந்ததாவே இருக்கட்டும். கேமராவ மட்டும் நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. கதிர்க்கட்டு களத்துக்குப் போற வரைக்கும் அது வயலயே பாக்கணும்."

வெறும் கேமரா ஓடியது. ஒளிப்பதிவாளர் ரொம்ப சிரத்தையாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அதைத் திருப்பினார், நடுநடுவே லென்ஸைத் துடைத்தார். நான் நின்ற இடத்திலிருந்து "இன்னொரு டேக்" என்று கத்தினேன். கடைசிக் கட்டு தலையில் ஏறிக் களத்துக்குப் போன பிறகுதான் மரத்தடியில் நின்றவர்கள் கலைந்தார்கள். நாங்கள் எடுத்ததிலேயே நீளமான ஷாட் அதுதான். "படத்தோட முடிவ டைரக்டர் எழுதறதில்ல வசனம், மிச்சம் இருக்கிற பிலிம்தான் எழுதுது" என்று கோவிந்தராசு பின்னாட்களில் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் இந்த நாளில் இருக்கிறது.

அன்றைக்கே பங்களாவைப் பூட்டிவிட்டார்கள். தயாரிப்பாளர் நாகப்பட்டினத்துக்கு வந்து லாட்ஜில் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார். கதாநாயகி வர மாட்டார், பங்களா இல்லை, வயலும் இல்லை. "சென்னையில ஒரு குடிசை போட்டுக்கலாம். பேய் உள்ள போகுது, வெளிய தாழ்ப்பாளப் போட்டு நெருப்பு வச்சுடுறோம். ஒரே நாள். ஹீரோயினே வேண்டாம், ஒரு அலறல் சத்தம் போதும்" என்றார்.

கோவிந்தராசு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேற எப்படி வேணா சாகடிங்க சார். கெணத்துல தள்ளலாம், இடி விழலாம். குடிசை வேண்டாம்."

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கூலி கேட்டதற்காக எங்கள் பக்கத்தில் குடிசைகளை ஆட்களோடு கொளுத்தியிருக்கிறார்கள். நாடே பேசிய ஊர் ஒன்று உண்டு. யாரும் பேசாத ஊர்களும் உண்டு. கோவிந்தராசுவின் ஊர் இரண்டாவது வகை. அங்கே எரிந்த குடிசைக்குள் செல்லம்மாவின் தங்கை அஞ்சலை இருந்தாள். அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண். கேஸ் நிற்கவில்லை, விளக்குச் சாய்ந்து தீப்பிடித்ததாக எழுதி முடித்துவிட்டார்கள்.

தயாரிப்பாளர் பொறுமையாகத்தான் கேட்டார். "இது படம்தானே கோவிந்தராசு?"

"படம்தான் சார். பாக்குறவங்க படம் இல்லயே."

அதோடு அவர் அந்தப் படத்திலிருந்து விலகினார். பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். முதல் பாகம் ஓடியதே அந்தப் பெயரால்தான், எடுக்க முடியாது என்றார்கள். குடிசைக் காட்சியை வேறு யாரோ எடுத்தார்கள். நெருப்பு அணைந்ததும், 'இயக்கம் கோவிந்தராசு' என்ற எழுத்து கடைசியில் இன்னொரு தடவை வரும்படி வைத்தார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தார்களாம். தமிழ்நாடு முழுவதும் படம் அப்படித்தான் ஓடியது. கண் ஆஸ்பத்திரிக்காரர் பார்த்ததும் அதைத்தான்.

சில மாதம் கழித்துப் படம் கீழ்வேளூர் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தது. அது வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்தே கோவிந்தராசுவுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்லலாம். "ஊரே வண்டி கட்டிக்கிட்டு வரும் வசனம். செல்லம்மாக்கா முன்னால வந்து உக்காரும். தம்பி படம்னு. அது கண்ணு முன்னால என் பேர போட்டுக் குடிசைய எரிச்சுக் காட்டுவாங்க" என்றார். படம் வருகிற அன்று நான் கூத்தாநல்லூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். கொட்டகையின் ஆபரேட்டர் அவரோடு பள்ளியில் படித்தவர். இருவரும் புரொஜக்டர் அறையில் கத்தரியும் ஒட்டுப் பசையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எடிட்டிங் அறையில் தூக்கிப் போட இருந்த அறுப்புக் காட்சியின் ரஷ் பிரிண்டைக் கோவிந்தராசு கேட்டு வாங்கி வைத்திருந்தார். நெருப்பு ஆரம்பிக்கும் இடத்தில் வெட்டி, அதை ஒட்டினார்கள்.

ரஷ் பிரிண்ட் என்பது படப்பிடிப்புச் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போடும் மலிவுப் பிரதி. கறுப்பு வெள்ளை, சத்தமும் கிடையாது. அதுவரை கலரில் அலறிக்கொண்டிருந்த படம் திடீரென்று வெளுத்துப் போய் ஊமையானது. கொட்டகையில் ஒரு விநாடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. திரையில் வயல், காலை வெளிச்சம், குனிந்த முதுகுகள். பிறகு மணல் தரையிலிருந்து ஒரு குரல்: "ஏ, அது நம்ம பாப்பாத்திடி!"

அவ்வளவுதான். கொட்டகையே பேச ஆரம்பித்தது. பின்னாலிருந்து பார்த்தே ஒவ்வொருத்தியாகப் பெயர் சொன்னார்கள். நடையை வைத்து, சட்டையை வைத்து, துண்டு கட்டிய விதத்தை வைத்து. அது மாரியம்மா, இது காவேரி, அந்தா நம்ம செல்லம்மா. பேயை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கேமரா மெல்ல நகர்ந்து இடது ஓரத்துக்கு வந்தது. அங்கே குனிந்திருந்தது யார் என்று அந்தப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். சிரிப்பதற்காக வாயைத் திறந்துவிட்டார்கள். நானும்தான்.

செல்லம்மா எழுந்து நின்றார். திரையைப் பார்த்து, "அஞ்சல" என்று கூப்பிட்டார்.

சத்தம் போட்டு அழவில்லை. வயலில் தூரத்தில் இருக்கிறவளைச் சோறு சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி ஒரே ஒரு தடவை. யாரும் சிரிக்கவில்லை. யாரும் ராசு என்று சொல்லவில்லை. இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது, பிலிம் தீரும் வரைக்கும். நான் திரும்பிப் பார்த்தேன். புரொஜக்டர் அறை ஓட்டையில் கோவிந்தராசுவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தை விவரிக்க எனக்கு இன்றும் வசனம் வரவில்லை.

அந்தக் கொட்டகையில் ஓடிய நாள் வரை படம் அப்படித்தான் முடிந்தது. பெட்டி அடுத்த ஊருக்குப் போகும்போது ஆபரேட்டர் நெருப்பை மறுபடி ஒட்டி அனுப்பிவிட்டார். விஷயம் சென்னைக்கு எட்டியது. அதற்குப் பிறகு கோவிந்தராசுவுக்குப் படம் கொடுக்க யாரும் வரவில்லை.

திருவாரூரில் அவர் வீடியோ கேசட் கடை வைத்திருந்ததுதான் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பேய்ப்படக் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம், "முடிவு சரியில்ல, இல்லீங்களா?" என்று தானே கேட்பார். இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று எது வந்தாலும் எடுத்து வைத்து நாங்கள் பார்ப்போம். எந்த இடத்தில் தயாரிப்பு படுத்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். "பாருங்க, முதுகையே காட்டுறான். கதாநாயகி போயிட்டா." "கோயில் திருவிழா வந்துட்டுதா? கால்ஷீட் முடிஞ்சுபோச்சு." "எல்லாம் கனவா? தயாரிப்பாளர் மாறிட்டார் வசனம்." நெருப்பு வந்தால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து டீ வாங்கப் போய்விடுவார். அறுப்பு ரீல் அந்தக் கடையில்தான் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. ஒருநாள் திறந்தபோது காடி வாடை அடித்தது, பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகியிருந்தது. பெட்டியை மூடிவிட்டு, "பரவால்ல, பாத்தவங்க இருக்காங்க" என்றார்.

கடைசியாகப் போன மாதம் பார்த்தேன். படுக்கையில் சுருங்கிப் போயிருந்தார். பேச்சுவாக்கில், "நான் நடிச்சது ஒரே படம். அதுலயும் பேர் போடல பாருங்க" என்று சிரித்தார். பேர் வேண்டுமா என்று கேட்டேன். "எனக்கு வேண்டாம். அந்த எடம் அவளுக்குப் போனதே நல்லது" என்றார். பிறகு, "போஸ்டர்ல இருக்கிற பேருதான் கஷ்டமா இருக்கு. அத அழிக்க முடியலயே" என்றார்.

சாவுச் செய்தி வந்த மறுநாள் காலை, அவர் வீட்டுப் பந்தலில் வெளியூர்க்காரர் இரண்டு பேர் அந்தக் குடிசை முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "எந்தக் குடிச எரிஞ்சுது? படம் அறுப்புல முடியும். நாங்க பாத்தோம்ல." கடைசியில் நின்ற பேய் யார் என்று வெளியூர்க்காரர் கேட்டதற்கு, "அஞ்சல" என்றார் அவர், யோசிக்காமல். இத்தனை வருடத்தில் அந்த ஊரில் ஒருவர்கூட வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

செல்லம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"பாய், நீங்க பேப்பருக்கு எழுதுவீகதானே?"

"எழுதுவேங்க்கா. இப்பல்லாம் முடியல."

"இதுக்கு எழுதுங்க. அந்த ஓரத்துல சேலை கட்டிக்கிட்டு நின்னது ராசுதான்னு எழுதிடுங்க."

எனக்குப் புரியவில்லை. "அஞ்சலைன்னு நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"ஆமா. எல்லாவளுக்கும் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்துச்சு. அவளுக்கு இல்ல. எடம் ஒண்ணு இருந்துச்சு, கூப்பிட்டேன். அவன் ஒரு வார்த்தை சொல்லல. அன்னைலேந்து இன்னை வரைக்கும் அத அவளுக்கே விட்டுட்டு இருந்தான்." உள்ளே கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "அவ இத்தன வருஷம் நின்னது போதும் பாய். இப்ப இவன ஒரு தடவ கூப்பிட்டுடுங்க."

அதனால்தான் இதை எழுதுகிறேன். ரீல் போய்விட்டது, கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. எரிந்த குடிசைக்குப் பிறகு திரையில் வந்த அந்தப் பெயரை நான் அவருடையதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை அறிந்த நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு என்று நான் வைத்துக்கொள்வது அறுப்பு வரிசையின் இடது ஓரம் ஒன்றைத்தான். செல்லம்மாவின் சேலை, தலையில் துண்டு, இடது கையில் அரிவாள். பிலிம் தீர்ந்த பிறகும் நிமிராமல் அறுத்துக்கொண்டிருந்தவர், கோவிந்தராசு.